ஞாயிறு காலை, ஒரு சைக்கிள், மூன்று ஏரிகள்: அம்பத்தூர் டு செம்பரம்பாக்கம் ஒரு நிதானமான ரவுண்ட்!

ஞாயிற்றுக்கிழமை காலை 5.45 மணி. அம்பத்தூர் ஓ.டி. டீக்கடைகளில் பால் காய்ந்து, முதல் செட் கிளாஸ்கள் வரிசையில் நிற்கும் நேரம். மற்ற நாள்களில் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கும் சி.டி.எச். ரோட்டில் இப்போது பால் வண்டி, பேப்பர் போடும் பையன், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், அவ்வளவுதான். உங்களிடம் ஒரு சைக்கிள் இருந்து, மதியம் வரை வேறு வேலை எதுவும் இல்லை என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சைக்கிளில் ஊர் சுற்றுவது என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது இன்ஸ்டா ரீல்ஸில் பார்த்த இங்கிலாந்துக் கிராமங்கள்தான். கல் வீடுகள், பழைய தேவாலயக் கோபுரம், பாதையின் இருபுறமும் பச்சை வேலி, நடுவில் கூடை வைத்த சைக்கிளில் ஒருவர் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருப்பார். 'ஹூம், நம்ம ஊர்ல லாரிப் புகைக்கு நடுவுல இதெல்லாம் எங்க?' என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போயிருப்போம்.

கொஞ்சம் பொறுங்கள். தேவாலயத்துக்குப் பதில் சோழர் காலத்துக்கும் முந்தைய பாடல் பெற்ற கோயில், ஓடைக்குப் பதில் ஏரி, இடையில் இளைப்பாற டீக்கடை என்று அத்தனையும் நம்முடைய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கமே இருக்கின்றன. பஸ்ஸிலும் பைக்கிலும் போகும்போது நாம் கவனிப்பதில்லை. அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா. சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட, கிண்டல் செய்தார் என்பதுதான் சரி. போன வருடம் முதல் சம்பள உயர்வில் ஒரு சைக்கிள் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியபோது, அதன் விலையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். 18 வருடம் திருமுல்லைவாயலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு சைக்கிளில் போய் வந்தவர் அவர். "நாங்க பஸ்ஸுக்குக் காசில்லாம ஓட்டினோம். நீ காசு கொடுத்து ஓட்டுறே!"

அந்த ஒரு வரி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. சைக்கிள் என்றால் வேலைக்குப் போகிற ஏழையின் வண்டி. சும்மா ஓட்டுவது வசதியானவர்களின் பொழுதுபோக்கு. இப்படித்தான் நாம் எல்லோருமே நினைக்கிறோம். உண்மையில் இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்த்தால், பதில் நம் அம்பத்தூர் வழியாகவே போகிறது.

பர்மிங்காம் டு அம்பத்தூர்

அப்பாவின் வண்டி ஹெர்குலிஸ். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் 1910-ல் பிறந்த பிராண்ட் அது. பி.எஸ்.ஏ-வும் அதே ஊர்தான். அந்தப் பெயரின் விரிவு 'பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. துப்பாக்கி தயாரித்த கம்பெனி, பிறகு சைக்கிளுக்கு வந்தது. 1949-ல் முருகப்பா குழுமம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. தொழிற்சாலை அமைந்த இடம் அம்பத்தூர். அடுத்த சில வருடங்களில் பர்மிங்காம் பெயர் தாங்கிய சைக்கிள்கள் நம் ஊரிலேயே தயாராகி, தமிழ்நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் போயின. பால்காரர், தபால்காரர், வாத்தியார், குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பையன்கள் எல்லோருக்கும் அதுதான் வண்டி.

இங்கிலாந்தில் சைக்கிள் சுற்றுலா அதற்கும் ரொம்ப முந்தையது. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான சங்கம் 1878-லேயே அங்கே தொடங்கிவிட்டது. அப்போது காற்றடைத்த டயர்கூட வரவில்லை. அது 1888-ல் டன்லப் கொண்டுவந்தது. சைக்கிள்காரர்களுக்கு நல்ல சாப்பாடும் படுக்கையும் தருகிற விடுதிகளின் சுவரில், சிறகு முளைத்த சக்கரம் பொறித்த பலகையை அந்தச் சங்கம் மாட்டியது. செங்குத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை வைத்ததும் அவர்கள்தான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வேறு. 1894-ல், அதே பர்மிங்காமில் 'கிளாரியன்' என்ற சைக்கிள் கிளப் ஒன்று தொடங்கியது. அதில் இருந்தவர்கள் பிரபுக்கள் இல்லை. சோஷலிசத்தில் நம்பிக்கை கொண்ட சாதாரண இளைஞர்கள். 'கிளாரியன்' என்பது அவர்கள் விரும்பிப் படித்த பத்திரிகையின் பெயர். வாரம் முழுக்க வேலை பார்ப்பார்கள். லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமப்புறங்களுக்குப் போவார்கள். கூடவே கட்சிப் பிரசாரமும் நடக்கும். தொழிலாளிக்கும் பச்சை வயலும் நல்ல காற்றும் உரிமை என்பதுதான் அவர்கள் சொன்ன செய்தி.

ஆக, நிதானமாக சைக்கிளில் சுற்றுவது பணக்காரர்களுக்கு மட்டும் சொந்தமான சமாசாரம் இல்லை. பர்மிங்காமிலிருந்து சைக்கிள் நம் ஊருக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கூட வரவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் இருக்கும்மா" என்றார்.

பைக்கில் போனால் ஆகாதா?

போகலாம். ஆனால் பைக்கில் 40 கி.மீ வேகத்தில் போகும்போது கண் முழுக்க ரோட்டிலேயே இருக்கும். நடந்து போனால் எல்லாம் தெரியும், இரண்டு ஊர் தாண்டுவதற்குள் வெயில் வந்துவிடும். சைக்கிள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மணிக்கு 12 முதல் 15 கி.மீ வேகத்தில் மிதித்தால், ஒரு காலைப்பொழுதில் ஐந்தாறு ஊர்களைப் பார்த்துவிடலாம். பூக்கடை வாசமும் வரும், எந்தத் தெருவில் தேர் நிற்கிறது என்பதும் தெரியும், பிடித்த இடத்தில் சட்டென்று காலை ஊன்றி நிற்கலாம்.

நம் பகுதிக்கு இன்னொரு பெரிய வசதி, மேடு பள்ளமே கிடையாது. ஏரிக்கரையையும் மேம்பாலத்தையும் விட்டால் ஏற்றம் என்று எதுவும் இல்லை. 21 கியர் வண்டி தேவையில்லை. மாடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய சைக்கிளே போதும். செயின், பிரேக், டயர் மூன்றையும் கடையில் கொடுத்துச் சரி பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

ரூட் இதுதான்

அம்பத்தூர் ஓ.டி-யில் தொடங்கி திருமுல்லைவாயல், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை வழியாகச் செம்பரம்பாக்கம் வரை ஏறக்குறைய 25 கி.மீ. திரும்பும்போது பூந்தமல்லியிலிருந்து திருவேற்காடு, அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூருக்கு வந்தால், வந்த வழியே போகாமல் ஒரு முழு வட்டம் அடித்த மாதிரி இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் வாரம் ஆவடி வரை மட்டும் போய்த் திரும்புங்கள். மிச்சத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

1. அம்பத்தூர் ஏரி: பாடி, அம்பத்தூர் பக்கம் எம்.டி.எச். ரோடு என்பார்கள். ஆவடி பக்கம் போனால் அதையே சி.டி.எச். ரோடு என்பார்கள். முன்னது மெட்ராஸ், பின்னது சென்னை. இரண்டுமே திருவள்ளூருக்குப் போகிற அதே ரோடுதான். அதை ஒட்டியே அம்பத்தூர் ஏரி இருக்கிறது. பஸ் ஜன்னலில் அரை நிமிடத்தில் கடந்துவிடும் இந்த ஏரியை, காலை வெளிச்சத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். கொக்கும் நீர்க்காகமும் உங்களுக்கு முன்பே வந்திருக்கும். கரையோரம் கொட்டிக் கிடக்கும் குப்பையும் கண்ணில் படும். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

2. திருமுல்லைவாயல்: மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மாசிலாமணீஸ்வரர் கோயில். சுந்தரர் பாடிய தலம். தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக் கொடிகள் சுற்றிக்கொள்ள, அவன் வாளால் வெட்டியபோது கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது என்பது தல புராணம். அந்தக் காயத்துக்காகத்தான் இன்றும் லிங்கத்துக்குச் சந்தனக் காப்பு. மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய நிலையில் இருப்பதால், இங்கே நந்தி சிவனைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நிற்கும். சந்நிதி முன்னால் இருக்கும் இரண்டு எருக்கந் தூண்களையும் தவறவிடாதீர்கள். வேலியோரத்தில் பார்க்கும் அந்த எருக்குதான். தூண் ஆகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் நம்பவே முடியவில்லை. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இங்கே கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிக்க வருகிறவர்கள் கூட்டம் அதிகம். அந்த நாள்களில் சைக்கிளை நிறுத்த இடம் தேட வேண்டிவரும்.

3. ஆவடி: ஆவடி என்றால் ராணுவ டாங்க் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே வந்தது 1961-ல்தான். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1955 ஜனவரியில், 'ஆவடி காங்கிரஸ்' என்றே பெயர் பெற்ற மாநாடு இங்கே நடந்துவிட்டது. நேரு கலந்துகொண்ட அந்த மாநாட்டில்தான் 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறியது. இனி யாராவது அந்த ஃபார்வேர்டை அனுப்பினால் இந்த வருடக் கணக்கைச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு தகவல்: நீங்கள் வந்த வழி நெடுக ஓடும் ரயில் பாதைதான் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டது.

4. பருத்திப்பட்டு ஏரி: ஆவடியிலிருந்து பூந்தமல்லி ரோட்டில் திரும்பியதும் வருவது இந்த ஏரி. சீரமைத்து, சுற்றிலும் நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். பாதை நடக்கிறவர்களுக்கானது. காலை நேரத்தில் பெரியவர்கள் நிறைய பேர் வருவார்கள். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு ஒரு சுற்று நடந்து வாருங்கள். மிதித்து மிதித்து இறுகிப்போன காலுக்கும் அது நல்லது.

இதே ரோட்டில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கூவத்தைக் கடப்பீர்கள். சிந்தாதிரிப்பேட்டையில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அதே கூவம். நல்ல மழைக்குப் பிறகு வந்தால், இங்கே அது ஆறு மாதிரியே இருக்கும். பாலத்தில் வண்டிகள் வேகமாக வரும் என்பதால், அதைத் தாண்டி ஓரமாக நின்று பாருங்கள். இது பிறவியிலேயே சாக்கடை இல்லை, நகரத்துக்குள் வரவர நாம்தான் அப்படி ஆக்கினோம் என்பது புரிய ஐந்து நிமிடம் போதும்.

5. பூந்தமல்லி: பஸ் போர்டில் 'பூவிருந்தவல்லி', கண்டக்டர் வாயில் 'பூந்தமல்லி', அவசரத்தில் 'பூனமல்லி'. பெயரிலேயே பூ இருக்கிற ஊர். ராமாநுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பிகள் பிறந்தது இங்கேதான். நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, காஞ்சிபுரம் வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பார்கள். காஞ்சிபுரம் இங்கிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. அந்தக் காலத்தில் நடைதான். 15 கி.மீ-க்கே மூச்சு வாங்குகிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளலாம். வரதராஜப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பொங்கல், வடை, சாம்பார் மணக்கிற டிபன் கடைகள் தயார். காலை டிபனுக்குச் சரியான ஸ்டாப் இதுதான். ஆனால் நெய்ப் பொங்கலை ஒரு பிடி பிடித்தால் மேற்கொண்டு சைக்கிள் நகராது, தூக்கம்தான் வரும். இரண்டு இட்லி, ஒரு வடையோடு எழுந்துவிடுங்கள். இது அனுபவம்!

6. திருமழிசை: திருமழிசையாழ்வார் அவதரித்த ஊர். மூங்கில் வேலை செய்து பிழைத்த தம்பதி எடுத்து வளர்த்த குழந்தை அவர் என்கிறது குருபரம்பரைக் கதை. ஜெகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டீஸ்வரர் கோயிலும் அருகருகே இருக்கின்றன. பக்கத்திலேயே பெங்களூரு நெடுஞ்சாலை இரைந்துகொண்டிருக்க, உள்ளே மாட வீதிகளில் இன்னும் பழைய கிராமத்தின் நிதானம் மிச்சமிருக்கிறது. இந்த ரூட்டில் எனக்கு மிகவும் பிடித்த அரைமணி நேரம் இதுதான்.

7. செம்பரம்பாக்கம் ஏரி: கடைசியாக, சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் 24 அடி. ஒவ்வொரு மழைக்காலத்திலும் டி.வி-யில் இந்த எண்களைக் கேட்டிருப்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, இந்த ஏரியின் பெயரைக் கேட்டாலே அடையாற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு பயம். திரையில் எண்ணாக மட்டுமே பார்த்ததை நேரில் பார்க்கும்போது, அடுத்த கரை தெரியாமல் விரிந்து கிடக்கும் தண்ணீர் உங்களை ஒரு நிமிடம் பேசவிடாது. மதகுப் பக்கமும், தடுப்பு போட்ட இடங்களிலும் நுழையாதீர்கள். செல்ஃபிக்காகத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

நேரம் இருப்பவர்களுக்கு போனஸ் ரூட் ஒன்று: ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குத் திரும்பாமல், பட்டாபிராம் வழியாக நேரே திருநின்றவூர். கையில் காசில்லாத பூசலார், மனதுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கி சிவனுக்குக் கோயில் கட்டிய ஊர். பல்லவ மன்னன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில், சிவன் பூசலாரின் கோயிலுக்குப் போய்விட்டார் என்கிறது பெரிய புராணம். இருதயாலீஸ்வரர் கோயிலும் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் பார்க்க வேண்டியவை.

கிளம்பும் முன்...

* சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் பத்தாவது கிலோமீட்டரிலேயே முட்டி வலிக்கும்.

* காற்று: டயரின் பக்கவாட்டிலேயே எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து அடியுங்கள். காற்று குறைந்தால் மிதிக்கிற சக்தி பாதி வீண்.

* பஞ்சர்: முன்பெல்லாம் தெருவுக்கொரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. இப்போது பஞ்சர் கடைகள் பைக்குக்குத்தான். ஞாயிறு காலையில் அதுவும் பூட்டியிருக்கும். நசரத்பேட்டை அருகே பஞ்சராகி, சைக்கிளை மூன்று கி.மீ தள்ளிக்கொண்டு வந்த பிறகு எனக்குப் புத்தி வந்தது. ஸ்பேர் டியூப், சின்ன பம்ப், டயர் கழற்றும் லிவர் இரண்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். வீட்டில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள்.

* தண்ணீர்: தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், 15 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. மோர், இளநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

* வேகம்: பக்கத்தில் வருகிறவரிடம் பேசிக்கொண்டே ஓட்ட முடிந்தால் சரியான வேகம். மூச்சு வாங்கி வாக்கியம் உடைந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். இதய நோய், மூட்டுப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

* சீஸன்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பெஸ்ட். கோடையில் எட்டரை மணிக்குள் வீடு திரும்பும்படி சின்ன ரவுண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய இடத்தில் இறங்காதீர்கள். கீழே பள்ளம் இருப்பது தெரியாது.

தனியாகப் போகலாமா?

பெண்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். விடிந்த பிறகு கிளம்புவது, போகிற ரூட்டை வீட்டில் சொல்லிவிட்டு லொகேஷனை ஷேர் செய்வது, ஏரிக்கரைகளில் ஆள் நடமாட்டம் உள்ள பகுதியில் மட்டும் நிற்பது, இந்த மூன்றையும் நான் தவறாமல் செய்கிறேன். முதல் சில முறை தோழி ஒருத்தியோடு போங்கள்.

அதோடு ஒரு பழைய கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளி முதல் நர்ஸ் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் ஊரார் கேலியைத் தாண்டி ஓட்டினார்கள். பத்து வருடம் கழித்து, 2001-ல் பிளஸ் ஒன் படிக்கும் பட்டியல் இன, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது தமிழக அரசு. பிறகு அது மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. உங்களில் பலர் அந்த சைக்கிளில் ஸ்கூலுக்குப் போனவர்களாக இருக்கலாம். காலேஜ் போனதும் அதை ஏன் நிறுத்தினோம் என்று யோசித்திருக்கிறீர்களா?

ரோட்டில் நாம் மட்டும் இல்லை

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியமானது. இந்த ரூட்டில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை கிடையாது. எஸ்டேட் பக்கமும், நசரத்பேட்டை தாண்டியும் கன்டெய்னர் லாரிகள் வரும். பெங்களூரு நெடுஞ்சாலையில் முடிந்தவரை சர்வீஸ் ரோட்டிலேயே ஓட்டுங்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, பளிச்சென்ற சட்டை மூன்றும் கட்டாயம். காதில் இயர்போன் வேண்டாம். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் போகாதீர்கள். கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நான் முதல் முறை இந்த ரவுண்ட் கிளம்பியபோது அப்பா வாசல் வரை வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "சிக்னல்ல லாரியோட இடது பக்கம் போய் நிக்காத. திரும்புறப்போ அவனுக்கு நீ தெரிய மாட்டே. எங்கூட வேலை பார்த்த ஒருத்தரை அப்படித்தான் இழந்தோம்." இத்தனை வருடத்தில் அவர் இதை வீட்டில் சொன்னதே இல்லை. தினமும் அந்த பயத்தோடுதான் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

அதனால், ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் ஏரியையும் கோபுரத்தையும் பார்த்தபடி போகும்போது, உங்களுக்கு முன்னால் இன்னொரு சைக்கிள் போகும். லைட் இருக்காது, ஹெல்மெட் இருக்காது. கேரியரில் டிபன் பாக்ஸ் இருக்கும். அவர் செக்யூரிட்டி டியூட்டிக்கோ, கட்டட வேலைக்கோ போய்க்கொண்டிருப்பார். இந்த ரோட்டில் ஒரு சைக்கிள் பாதை வந்தால், நமக்கு வாரம் ஒருநாள் சந்தோஷம். அவருக்கு அது தினமும் உயிரோடு வீடு திரும்புகிற விஷயம். வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கும்போது 'எங்கள் பொழுதுபோக்குக்கு' என்று எழுதாதீர்கள். அவரையும் சேர்த்து எழுதுங்கள்.

போன மாதம் அப்பாவின் ஹெர்குலிஸை மாடியிலிருந்து இறக்கி, டயர் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டோம். பருத்திப்பட்டு வரை என்னோடு வந்தார். எத்தனையோ முறை கடந்து போன ரோடுதான். ஏரியைப் பார்த்துவிட்டு, "இங்க ஒருநாளும் நின்னதில்லை" என்றார். டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு அவருக்குத் திருமழிசை பார்க்க வேண்டுமாம். நீங்கள் எது வரை போகப்போகிறீர்கள்?